குடிச்சுப் பாக்குறவர்

அழகுமலையிடம் ஸ்காட்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. குளிர் அதிகம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கும், ஆளை விட ஆடு அதிகம் என்பது வரை கேள்விப்பட்டிருக்கிறார். ஆனால் அந்த நாட்டில் கடலோரத்தில் வடித்த விஸ்கி எது, உள்ளே ஆற்றுத் தண்ணீரில் வடித்தது எது என்று கண்ணை மூடிக்கொண்டு கிளாஸை முகர்ந்தே சொல்லிவிடுவார். இப்படி ஒரு மூக்கு மதுரையில் இருப்பது மதுரையில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பாதிப் பேர், எப்படித் தெரியும் என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்ல முடியாதவர்கள்.

காளவாசல் சந்திப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு நட்சத்திர ஓட்டல். அதன் மூன்றாவது மாடியில் பார். அந்த பாருக்கு அழகுமலைதான் கேப்டன். கறுப்புக் கோட்டும் நெஞ்சில் பெயர்ப் பட்டையுமாக மேசைக்கு மேசை போய், வந்தவருக்கு எது ஒத்துப்போகும் என்று பார்த்து எடுத்துக் கொடுப்பது வேலை. வயது ஐம்பத்திரண்டு. வாடிப்பட்டியிலிருந்து தினமும் டூவீலரில் வந்து போகிறார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் களை பறித்தும் காலம் தள்ளியவர்கள். இவர் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஓட்டலுக்குக் கிளாஸ் கழுவ வந்து சேர்ந்தார்.

கழுவ வந்த கிளாஸ்தான் அவரைக் கைதூக்கிவிட்டது. சோப்புப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு கிளாஸையும் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுத்தான் தொட்டிக்குள் போடுவார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் இரண்டு வாடிக்கையாளர்கள், தங்கள் கிளாஸ் மாறிவிட்டது, இல்லை மாறவில்லை என்று சர்வரைப் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஈரக் கையோடு எட்டிப் பார்த்த அழகுமலை, இரண்டையும் முகர்ந்துவிட்டு இது இன்னாருடையது, அது இன்னாருடையது என்று எடுத்து வைத்தார். அப்போது பார் மேனேஜராக இருந்த இம்மானுவேல் அதைப் பார்த்துவிட்டார். மறுநாள் ஆறு கிளாஸில் ஆறு வகை ஊற்றி வைத்து, எது எது என்று கேட்டார். ஆறும் சரி. அடுத்த மாதமே கோட்டுக்கு அளவெடுத்தார்கள்.

சிங்கிள் மால்ட் என்பதை அழகுமலை யாருக்கும் பெரிய பாடமாக எடுப்பதில்லை. "நம்ம வீட்டுல கம்பு முளை கட்டுறோம்ல, அது மாதிரி அங்கிட்டு பார்லிய முளை கட்டுறாக. ஒரே ஆலையில வடிச்சு, மரப் பீப்பாயில வருசக் கணக்கா போட்டு வைக்கிறாக. அம்புட்டுத்தான்" என்பார். முளைகட்டிய பார்லியைச் சில ஊரில் சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் உலர்த்துவார்கள். அந்தப் புகை விஸ்கிக்குள் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருக்கும். புகை வாசம் சிலருக்கு உயிர். சிலருக்கு வாயில் வைத்த மறு நொடி முகம் கோணிவிடும். யாருக்கு உயிர், யாருக்குக் கோணும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதில்தான் அழகுமலையின் வித்தை இருக்கிறது.

அதற்கு அவர் கேட்கும் கேள்வி ஊருக்குள் கொஞ்சம் பிரபலம். "கருவாடு சாப்பிடுவீகளாண்ணே?"

எவ்வளவு பெரிய மனிதர் வந்து உட்கார்ந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பார். அடுத்து, காபிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை. ஒரு முறை ரியல் எஸ்டேட்காரர் ஒருவர் வந்து, இருப்பதிலேயே உசத்தியானதை எடுக்கச் சொன்னார். அழகுமலை கருவாட்டைப் பற்றிக் கேட்டார். "அந்த நாத்தம் எங்க தெருப் பக்கமே வரக் கூடாது" என்றார் அவர். காபிக்கு மூன்று கரண்டி. அழகுமலை உசத்தியானதைத் தொடவே இல்லை. அதை விடக் குறைந்த விலையில் அபெர்லோர் என்று ஒன்று; உலர்திராட்சையும் கருப்பட்டியும் சேர்ந்த மாதிரி வரும். அதை ஊற்றினார். ரியல் எஸ்டேட்காரர் அடுத்த வாரம் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இன்னொருவர் கல்லூரிப் பேராசிரியர், நெத்திலிக் கருவாடு இல்லாமல் பழைய சோறு இறங்காது என்றவர். அவருக்குப் புகை வாசம் தூக்கலான லஃப்ராய்க். முதல் வாய்க்கு அழகுமலையை எரிப்பது போலப் பார்த்தார், இரண்டாவது வாய்க்குப் பேசவில்லை, மூன்றாவது வாய்க்குப் பிறகு பெயரை எழுதித் தரச் சொன்னார்.

ஒவ்வொரு பாட்டிலுக்கும் கம்பெனிக்காரர்கள் இங்கிலீஷில் ஒரு வர்ணனை அச்சடித்துக் கொடுப்பார்கள். அதில் ஹெதர் பூ வாசம் என்று போட்டிருக்கும். ஹெதர் பூவை அழகுமலை எங்கே போய்ப் பார்ப்பார்? அவர் கோடு போட்ட நோட்டில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். லஃப்ராய்க்குக்கு நேரே, ஆஸ்பத்திரி வராண்டாவில் ஈர விறகைக் கொளுத்தியது என்று இருக்கும். டாலிஸ்கருக்கு, உப்பு, போகப் போக மிளகு, ரசத்தை உறிஞ்சிக் குடிக்கிற ஆளுக்குக் கொடுக்கவும் என்று இருக்கும். க்ளென்ஃபிடிக்குக்கு, பேரிக்காய், முதல் தடவை வருகிறவர் பயப்பட மாட்டார். புதிதாகச் சேருகிற சர்வர்கள் இந்த நோட்டைப் படித்துத்தான் வேலை கற்றுக்கொள்கிறார்கள்.

எழுதுவதற்கு முன்னால் குடித்துப் பார்க்க வேண்டும் அல்லவா. காலையில் பார் திறப்பதற்கு முன், காபியும் குடிக்காமல், வெறும் நாக்கோடு உட்காருவார். கிளாஸில் ஒரு விரல் கனத்துக்கு ஊற்றி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, உள்ளங்கையால் மூடி வைப்பார். கையை எடுத்ததும் முகருவார். பிறகு ஒரு வாய். நாக்கில் உருட்டிவிட்டு, பக்கத்தில் இருக்கும் எவர்சில்வர் கிண்ணத்தில் துப்பிவிடுவார். முக்கால்வாசி துப்புவார். மீதிக் கால்வாசி, அசலாக நன்றாக இருந்தால், தொண்டைக்குள் இறங்கிவிடும். அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. வீட்டில் பாட்டிலுக்கு இடமே கிடையாது. வேலையும் பிடித்த வேலை, வீடும் நல்ல வீடு. தன் வாழ்க்கையைப் பற்றி அவருக்குப் பெரிய புகார் எதுவும் இருந்ததில்லை, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிக்கும் வரைக்கும்.

மகள் பவதாரிணி மருந்தாளுநர் படிப்பு முடித்து, பெரிய மருந்துக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். நாலு இடம் வந்து போனது. நாலுக்கும் அவள் சொன்ன பதில், "உங்க இஷ்டம்ப்பா." இஷ்டம் என்று சொன்ன வாயில் இஷ்டமே இல்லை என்பது அழகுமலைக்குத் தெரியும், அதனால் எதுவும் அமையாததில் அவருக்கு வருத்தமில்லை. ஐந்தாவதாகத் தரகர் கொண்டுவந்தது பரவை இடம். மாப்பிள்ளை பீமாராவ், மின்வாரியத்தில் இன்ஜினியர். அப்பா இல்லை. அம்மா ராக்கம்மாள் பரவை மார்க்கெட்டில் கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை மொத்த வியாபாரம். ஒற்றை ஆளாக மகனைப் படிக்க வைத்தவர்.

தரகரிடம் மாமனாராகப் போகிறவருக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். அழகுமலையின் மனைவி பாண்டியம்மாள் தரகரிடம் சொல்லி அனுப்பியது ஒரே வார்த்தை: கேப்டன். தரகரும் அதை அப்படியே கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. பவதாரிணியும் பீமாராவும் வாசல் பக்கம் நின்று பத்து நிமிஷம் பேசினார்கள். ராக்கம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மரியாதையாகக் கேட்டார்.

"சார் எத்தனை வருசம் பட்டாளத்துல இருந்தீக?"

அழகுமலை திருதிருவென்று விழித்தார். "பட்டாளமா?"

"கேப்டன்னு சொன்னாகளே."

"நான் ஓட்டல்ல கேப்டனுங்க. காளவாசல்ல."

 ராக்கம்மாள்தான் முதலில் சிரித்தார். "நான் கூட வீட்டுக்குள்ள துப்பாக்கி கிப்பாக்கி இருக்குமோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, பார் என்ற வார்த்தையையும் சொல்லியிருந்தால் கதை அங்கேயே ஒரு வழிக்கு வந்திருக்கும். அழகுமலை வாயைத் திறப்பதற்குள் பாண்டியம்மாள் முந்திக்கொண்டார். "பெரிய ஓட்டலுங்க. சாப்பாடு பிரமாதமா இருக்கும். பெரிய பெரிய ஆளுகளெல்லாம் வருவாக." அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. சொன்ன விதத்தில் பூசி மெழுகிவிட்டார்.

மறுநாள் காலையில் அழகுமலை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பவதாரிணி பக்கத்தில் வந்து நின்றாள். "இந்த இடம் எனக்குப் பிடிச்சிருக்குப்பா" என்றாள். சொல்லிவிட்டு நிற்காமல் உள்ளே போய்விட்டாள். அழகுமலைக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பிள்ளை வாயிலிருந்து பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்துவிட்டது. அதை எப்பாடு பட்டாவது முடித்துக் கொடுக்க வேண்டும் என்று அந்த நிமிஷமே மனத்தில் முடிவு கட்டிக்கொண்டார்.

ஆனால் பரவைக்காரர்கள் சும்மா பெண் எடுத்துவிடுவார்களா? விசாரிப்பு என்று ஒன்று இருக்கிறதே. புதன்கிழமை மார்க்கெட் வேலை முடிந்ததும் ராக்கம்மாள் தனியாக பஸ் ஏறி வாடிப்பட்டியில் இறங்கினார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அழகுபாண்டியின் டீக்கடை. அழகுபாண்டிக்கு அழகுமலை மேல் கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியம்தான் வினையாகப் போயிற்று.

"அழகுமலையண்ணனா? தங்கமான மனுசன்மா. வம்பு தும்புக்குப் போக மாட்டாரு" என்றார் அழகுபாண்டி, டீயை ஆற்றிக்கொண்டே.

"குடிப்பாரா?"

"சேச்சே. குடிக்கவெல்லாம் மாட்டாரு. குடிச்சுத்தான் பாப்பாரு."

ராக்கம்மாள் டீ கிளாஸை வாங்காமல் நின்றார். "அப்படின்னா?"

"பார்ல புதுசா எந்தச் சரக்கு வந்தாலும் அண்ணன் குடிச்சுப் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் அடுத்தவுகளுக்கு ஊத்துவாகளாம். எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. ஒரே நாள்ல நாலஞ்சு கூடப் பாப்பாரு. ஒரு நா கூடத் தள்ளாடி வந்து நாங்க பாத்ததில்ல." அழகுபாண்டியின் முகத்தில் அவ்வளவு பெருமை.

தமிழில் எதையும் பார்க்கலாம். சாப்பிட்டுப் பார்க்கலாம், உடுத்திப் பார்க்கலாம், கேட்டுப் பார்க்கலாம், அழுதுகூடப் பார்க்கலாம். குடித்துப் பார்க்கிறேன் என்றால் மட்டும் நம்புவதற்கு ஒரு பெண்பிள்ளையும் தயாராக இல்லை. அதற்கு அவர்களிடம் காரணமும் இருக்கிறது. ராக்கம்மாள் பாதி டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

வியாழக்கிழமை தரகர் போன் செய்தார். "யோசிச்சுச் சொல்றோம்னாக."

யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன பொருள் என்று பெண்ணைப் பெற்ற எல்லாருக்கும் தெரியும். டீக்கடையில் நடந்த விசாரிப்பும் அதற்குள் அழகுபாண்டி வாயாலேயே வீடு வந்து சேர்ந்திருந்தது.  பவதாரிணி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். பீமாராவ் அவளிடம் போனில், அம்மா வாயே திறக்க மாட்டேன்கிறார், அவரைத் தாண்டி நான் எதுவும் செய்ய மாட்டேன், ஆனால் வேறு இடமும் பார்க்க மாட்டேன் என்று சொன்னானாம்.  இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் மூக்கின் மேல் அழகுமலைக்கே கோபம் வந்தது. கிளாஸ் கழுவுவதோடு நின்றிருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்குமா என்று நினைத்தார். நினைத்த உடனே, கோட்டுப் போட்ட முதல் நாள் அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்பதும் நினைவுக்கு வந்து, அந்த நினைப்பை விட்டுவிட்டார்.

பாண்டியம்மாள் மட்டும் அசரவில்லை. "எப்படியும் ஒரு நா அந்தம்மா நேருல கேக்கும். கேட்டா, துப்பிருவேன்னு சொல்லுங்க. ஒரு சொட்டு உள்ள போறதில்லைன்னு சொல்லுங்க."

"முக்காவாசி துப்பத்தானடி செய்யிறேன்."

"மிச்சக் காவாசியத்தான் சொல்லாதீகன்றேன்."

அழகுமலை யோசித்தார். மகள் சொன்ன அந்த ஒரு வார்த்தை காதில் ஒலித்தது. "சரி, சொல்றேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. பார் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. புதிதாக மூன்று பாட்டில் வந்திருந்ததால், கிளாஸும் கிண்ணமும் நோட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அழகுமலை உட்கார்ந்திருந்தார். கீழேயிருந்து செக்யூரிட்டி போன் செய்தார். "அண்ணே, ஒரு அம்மா வந்து நிக்கிறாக. ரெஸ்டாரண்டுக்குப் போங்கன்னா கேக்க மாட்டேங்கிறாக. பாருக்குத்தான் போகணுமாம்."

லிப்ட் கதவு திறந்தது. ராக்கம்மாள். மார்க்கெட்டிலிருந்து அப்படியே வந்திருக்கிறார்; சேலையில் கொத்தமல்லித் தழை ஒன்று ஒட்டியிருந்தது. அழகுமலைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார், துடைத்த மேசையை மறுபடியும் துடைத்தார், மோர் கொண்டுவரச் சொல்லட்டுமா என்றார்.

"ஒண்ணும் வேணாம் சார்" என்றார் ராக்கம்மாள். பாட்டில்கள் அடுக்கியிருந்த சுவரை ஒரு முறை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "நீங்க பாக்குற வேலையப் பாருங்க. நான் சும்மா உக்காந்து பாத்துட்டுப் போறேன்."

இப்படிக் கேட்டால் என்ன செய்வது? அழகுமலை சாமி கும்பிடுவது போல ஒரு நிமிஷம் நின்றுவிட்டு உட்கார்ந்தார். முதல் பாட்டிலைத் திறந்து ஊற்றினார். தண்ணீர் விட்டார், மூடினார், முகர்ந்தார், ஒரு வாய் வைத்தார். சாதாரணச் சரக்கு, பச்சை ஆப்பிள், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கிண்ணத்தில் துப்பிவிட்டு நோட்டில் எழுதினார். 

இரண்டாவது பாட்டிலின் பெயரை நாக்குச் சுளுக்காமல் சொல்ல முடியாது. முகர்ந்த உடனே அழகுமலைக்கு எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே மறந்துபோயிற்று. பேரீச்சை. ஆரஞ்சுத் தோல். அதற்குப் பின்னால் எங்கேயோ சுக்கு. வாயில் வைத்தார். கண்ணை மூடினார். கிட்டத்தட்ட ஒரு வருஷமாக இப்படி ஒன்று அவர் நாக்குக்கு வந்ததில்லை. கண்ணைத் திறந்தபோது வாயில் எதுவும் இல்லை. விஸ்கி வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது.

 அழகுமலை ஓரக் கண்ணால் பார்த்தார். ராக்கம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கவனிக்கவில்லை போல. அவசர அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டு நோட்டில் எதையோ கிறுக்கிவிட்டு மூன்றாவது பாட்டிலுக்குப் போனார். அதை முகர்ந்து, வாயில் வைத்து, தேவைக்கு மேல் சத்தமாகவே துப்பிவிட்டு நோட்டில் எழுதினார்.

"அதக் கொஞ்சம் குடுங்க" என்றார் ராக்கம்மாள்.

"எதுங்க?"

"அந்தக் கிளாஸ. குடிக்கவா போறேன், சும்மா மோந்து பாக்குறேன்."

அழகுமலை கொடுத்தார். ராக்கம்மாள் அதை அப்படியே மூக்கில் திணித்துக்கொள்ளவில்லை. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, லேசாக ஆட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கொத்தமல்லிக் கட்டைக் கையில் எடுத்தாலே, காலையில் பறித்ததா, நேற்றுப் பறித்துத் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்ததா என்று சொல்லிவிடுகிற ஆள்.

"வைக்கோல் படப்புல தீப்பிடிச்சுத் தண்ணி ஊத்தி அணைச்சா, மறுநா காலையில ஒரு வாசம் வரும் பாருங்க. அது" என்றார். இன்னொரு தரம் முகர்ந்தார். "அதுக்குள்ள லேசா புண்ணுக்குப் போடுற மருந்தும் இருக்கு."

 அழகுமலை நோட்டில் தான் எழுதியிருந்ததை ஒரு முறை பார்த்தார். ஈர விறகு என்று போட்டிருந்தார். ஈர விறகு அல்ல, நனைந்த வைக்கோல்தான். இந்தம்மா சொன்னதுதான் சரி. விறகை அடித்துவிட்டு வைக்கோல் படப்பு என்று எழுதினார். 

ராக்கம்மாள் மற்ற இரண்டு கிளாஸையும் வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு மூன்றையும் வரிசையாக மேசையில் வைத்தார்.

"எங்க வீட்டுக்காரரு மேல அடிச்ச நாத்தம் இதுல எதுலயும் இல்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. "கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன். மகனுக்கு பீமாராவ்னுதான் பேரு வைக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. அன்னைக்கு மட்டும் தெளிவா இருந்தாரு."  பிறகு கிண்ணத்தைக் காட்டினார். "சார், ஒண்ணு கேக்கட்டுமா. வாயில வைக்கிறத எல்லாம் துப்பிருவீகளா?"

இந்தக் கேள்விக்குத்தான் நாலு நாளாகப் பதில் தயாராக இருந்தது. பாண்டியம்மாள் சொல்லிக் கொடுத்து, வண்டி ஓட்டும்போதெல்லாம் அழகுமலை மனத்துக்குள் சொல்லிப் பார்த்த பதில். துப்பிருவேன்ங்க, ஒரு சொட்டு உள்ள போறதில்ல. ஆதாரத்துக்குக் கிண்ணம் கூட மேசை மேலேயே இருந்தது. சொல்லிவிட்டால் மகள் கல்யாணம் முடிந்தது. வாயைத் திறந்தார். ஆனால் இந்தம்மா இப்போதுதான் அவர் நோட்டில் ஒரு பிழையைத் திருத்தியிருந்தார். அந்த மூக்குக்கு முன்னால் போய் எப்படிப் பொய் சொல்வது?

"முக்காவாசி துப்பிருவேன்ங்க" என்றார் அழகுமலை. "நல்லா இருந்தா ஒரு வாய் முழுங்கிருவேன்."

"இன்னைக்கு?"

"ரெண்டாவத முழுங்கிட்டேன்."

"நல்லா இருந்துச்சா?"

அழகுமலை தலையைக் குனிந்துகொண்டார். மகளின் முகம் கண் முன்னால் வந்தது. இனி மறைத்து ஆகப்போவது எதுவுமில்லை. "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. எனக்கு இந்த வேல பிடிக்கும். இதுவும் பிடிக்கும். அந்த ஒரு வாய்க்கு மேல போனதில்ல. வீட்டுக்குக் கொண்டுபோனதில்ல. ஆனா பிடிக்காதுன்னு சொன்னா அது பொய்யி."

 கீழே காளவாசல் சிக்னலில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"நீங்க முழுங்குனத நான் பாத்தேன்" என்றார் ராக்கம்மாள். "ஜன்னல் கண்ணாடியில நல்லாத் தெரிஞ்சது. துப்புனேன்னு சொல்லியிருந்தீகன்னா அப்படியே எந்திரிச்சுப் போயிருப்பேன்."

அழகுமலை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த மனுசன் இருபது வருசம் குடிச்சாரு. ஒரு நா கூட, ஆமா குடிச்சேன்னு சொன்னதில்ல. மேல அம்புட்டு நாத்தத்தையும் வச்சுக்கிட்டு என் கண்ணப் பாத்து இல்லைம்பாரு. பெரியாஸ்பத்திரியில வயிறு வீங்கிக் கிடந்தப்ப டாக்டரு கேட்டாரு. அப்பவும் இல்லைன்னுதான் சொன்னாரு. குடிச்சதெல்லாம் எனக்கு மறந்துபோச்சு. அந்த இல்லைதான் இன்னும் மறக்கல."

சொல்லிவிட்டு ராக்கம்மாள் எழுந்தார். சேலையில் ஒட்டியிருந்த கொத்தமல்லித் தழையை அப்போதுதான் பார்த்தார் போல. அதை எடுத்து உள்ளங்கையில் கசக்கிக்கொண்டே லிப்ட் பக்கம் நடந்தார். அழகுமலை பின்னாலேயே போனார். லிப்ட் வந்தது.

"வைகாசியில வச்சுக்கிருவோமாண்ணே" என்றார் ராக்கம்மாள். "மதினிகிட்ட சாயங்காலம் நானே போன் பண்றேன். வாரேன்."

கதவு மூடிக்கொண்டது.  அழகுமலை கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். முதல் மணியிலேயே பாண்டியம்மாள் எடுத்துவிட்டார்.

"ராக்கம்மா இப்பத்தான் இங்க பாருக்கு வந்துட்டுப் போகுது" என்றார் அழகுமலை.

"ஆத்தி. கேட்டுச்சா? துப்பிருவேன்னு சொன்னீகளா?"

"இல்ல. முழுங்குவேன்னு சொல்லிட்டேன்."

  "எம் புள்ள வாழ்க்கையில இப்படி..." என்று பாண்டியம்மாளின் குரல் உடைய ஆரம்பித்தது.

"அழுகாதடி, முழுசாக் கேளு" என்றார் அழகுமலை.  "உன்னைய மதினின்னு சொல்லிட்டுப் போகுது."

பாண்டியம்மாள் போனைக் கையில் பிடித்தபடியே மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.